‘இணைந்தன’ என்ற ஒற்றைச் சொல்: தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கதை சொல்லப்படும் விதம் பற்றி

மதுரை ரயில் வரலாறு பற்றி யார் எழுதினாலும் ஒரு வாக்கியம் கட்டாயம் வந்துவிடும். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயும் கர்நாடிக் ரயில்வேயும் 1874-ல் இணைந்தன, தென்னிந்திய ரயில்வே பிறந்தது என்பதுதான் அது. அடுத்த வரியிலேயே 1875-ல் மதுரைக்கு ரயில் வந்துவிடும். அப்புறம் பாம்பன் பாலம், போட் மெயில், தனுஷ்கோடி புயல். கட்டுரை முடிஞ்சுடும்.

அந்த வாக்கியத்தில் தகவல் பிழை எதுவும் இல்லை. என் புகார் வேற. ‘இணைந்தன’ என்ற சொல், கேட்கவேண்டிய எல்லாக் கேள்வியையும் மூடிவிடுகிறது. எதுக்காக இணைந்தன? யார் பணம் போட்டது? நஷ்டம் வந்தா யார் தலையில் விழும்? இதெல்லாம் கேட்காமல் நாம் எழுதும் ரயில் வரலாறு, திறப்பு விழாக்களின் பட்டியலாகத்தான் இருக்கும். எனவே இந்தக் குறிப்பில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிரிச்சுப் பார்க்கலாம்.

இரண்டு கம்பெனிகள், இரண்டு விதமான பணம்

முதல் கம்பெனி கிரேட் சதர்ன். 1853-ல் லண்டனில் தொடங்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1861, 1862 ஆண்டுகளில் பாதை திறந்தது. அகலப்பாதை, அதாவது 5 அடி 6 அங்குலம். பிறகு கரூர் வழியாக ஈரோட்டுக்கு நீட்டி, அங்கே மதராஸ் ரயில்வேயின் பாதையோடு சேர்த்தார்கள்.

இந்தக் கம்பெனியின் பணம் ‘உத்தரவாதப் பணம்’. அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா மொத்தக் கதையும் இதில்தான் இருக்கு. லண்டனில் பங்கு வாங்கியவருக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வருமானம் நிச்சயம். ரயில் ஓடி அவ்வளவு சம்பாதிக்கவில்லையென்றால் மீதியை இந்திய அரசு கொடுக்கும். அதாவது இங்குள்ள வரிப்பணத்திலிருந்து கொடுக்கும். 5 சதவீதத்துக்கு மேல் லாபம் வந்தால் அரசும் கம்பெனியும் பங்கு போட்டுக்கொள்ளும். நிலம் 99 வருடத்துக்கு இலவசம். தொழில் சரிப்படலை என்றால் பாதையை அரசிடமே ஒப்படைத்துவிட்டு முதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. பதிலுக்கு அரசுக்குக் கிடைத்தது மேற்பார்வை அதிகாரமும், 25 வருடம் கழித்துப் பாதையை வாங்கிக்கொள்ளும் உரிமையும்.

‘தனியார்’ என்ற பெயர் இதுக்குப் பொருந்துமா? லாபம் தனியாருக்கு, ஆபத்து பொதுஜனத்துக்கு. பொருளாதார வரலாற்று ஆசிரியர் டேனியல் தார்னர் இதைத்தான், பொதுமக்கள் ஆபத்தைச் சுமக்க நடந்த தனியார் தொழில் என்று குறிப்பிட்டார்.

இரண்டாவது கம்பெனியின் கதைதான் சுவாரஸ்யம். அது 1862-ல் இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற பெயரில் தொடங்கியது. அந்த 5 சதவீத உத்தரவாதம் இல்லாமல், மலிவான சின்னப் பாதைகளைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் யோசனை. 1865-ல் அரக்கோணம் – காஞ்சிபுரம் பாதையைத் திறந்தார்கள். அகலம் 3 அடி 6 அங்குலம். மேலே போக முடியவில்லை. பக்கத்திலேயே உத்தரவாதத்தோடு ரயில்வே பங்குகள் விற்கும்போது, உத்தரவாதம் இல்லாத பங்கை எந்த லண்டன்காரர் வாங்குவார்? அந்தக் கம்பெனிதான் பிற்பாடு கர்நாடிக் ரயில்வே ஆனது. (இது கர்நாடகா மாநிலத்தைக் குறிப்பதல்ல, அன்றைக்கு நம்ம பக்கத்துச் சமவெளிக்கு வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த பெயர். இதைக் குழப்பி எழுதினவங்களும் உண்டு.)

இப்போ 1874-ஐ மறுபடி படிங்க. இரண்டு சமமான கம்பெனிகள் கைகுலுக்கிய கதையா அது? சொந்த ஆபத்தில் ரயில் ஓட்டிப் பார்த்த முயற்சி தோற்றுப்போய், உத்தரவாதத்தின் நிழலில் இருந்த கம்பெனியோடு கரைந்துபோனது. ‘இணைந்தன’ என்று எழுதும்போது நாம் மறைப்பது இந்தத் தோல்வியைத்தான். தென்னாட்டில் ரயில் தொழிலைச் சொந்த ஆபத்தில் செய்ய முடியுமா என்ற கேள்வி ஒருமுறை கேட்கப்பட்டது, பதிலும் கிடைத்தது. அந்தப் பதில் நமது வரலாற்றுக் கட்டுரைகளில் இல்லை.

மதுரைக்கு வந்தது எந்த ரயில்?

புதுக் கம்பெனி திருச்சியிலிருந்து தெற்கே வந்தது. 1875-ல் திண்டுக்கல் வழியாக மதுரை. 1876 ஜனவரியில் தூத்துக்குடி. மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளை. ஸ்டேஷன் அமைந்த இடத்தைக் கவனிங்க. கோட்டைச் சுவரை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்த பிறகு உருவான வெளிவீதிக்கு மேற்கே, மங்கம்மா சத்திரத்துக்கு எதிரே. நடந்தும் வண்டியிலும் வந்தவர்களுக்காக எழுந்த சத்திரம், அப்படியே ரயில் பயணிகளின் சத்திரமாக மாறிப்போனது.

ஆனால் வந்தது மீட்டர் கேஜ். 1870-ல் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, செலவைக் குறைக்க இனிப் புதுப் பாதைகளை மீட்டர் அகலத்தில் போடலாம் என்று முடிவானது. கம்பெனி இணைப்பும் இந்த முடிவும் ஏறக்குறைய ஒரே நேரம். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. நாகப்பட்டினம் – திருச்சி அகலப்பாதையை, போட்டுப் பதிமூணு பதினாலு வருஷத்திலேயே, 1875-ல் மீட்டர் பாதையாக மாற்றினார்கள். திருச்சி – ஈரோடு 1879-ல் மீட்டரானது. 1929-ல் மறுபடி அகலமானது. ஒரே மண், ஒரே கரை, மூணு தடவை தண்டவாளம். முதலில் போட்ட பணம் ஆபத்தில்லாப் பணமாக இருந்ததால்தான் இவ்வளவு சுலபமாக மாற்ற முடிந்தது என்று எனக்குத் தோணுது. இது என் கணிப்பு மட்டும்தான், நிரூபணம் இல்லை.

மதுரைக்கு இதன் விளைவு நீளமானது. கோயம்புத்தூர் பக்கம் போகவேண்டிய சரக்கு, கேஜ் மாறும் ஸ்டேஷனில் ஒரு வேகனிலிருந்து இறங்கி இன்னொரு வேகனில் ஏறியாக வேண்டும். கூலி, நேரம், சேதாரம் எல்லாம் யார் கணக்கில்? வியாபாரி கணக்கில். மதுரைக்கு அகலப்பாதை வந்தது 1990-களில். 1977-ல் வைகை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்ததும் மீட்டர் கேஜில்தான். இராமேஸ்வரம் வரை அகலமானது 2007-ல். ‘தென் மாவட்டம் பின்தங்கிப்போச்சு’ என்று பேசும்போது நாம் அரசியல்வாதிகளைத் திட்டுகிறோம். திட்டட்டும். ஆனால் அதில் ஒரு பங்கு 1870-களில் எடுத்த கணக்குவழக்கு முடிவுக்கும் உண்டு.

இரண்டு பழைய கதைகள்

ரயில் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒன்று ‘வெள்ளைக்காரன் மட்டும் வரலைன்னா ரயிலே வந்திருக்காது’ கட்சி. இன்னொன்று ‘கொள்ளையடிக்கவே ரயில் விட்டான்’ கட்சி. இரண்டுக்கும் ஆதாரம் தேடலாம், கிடைக்கும்.

நன்றிக் கட்சிக்கு ஒரு சின்னக் கணக்கு. 100 பவுண்டு பங்குக்கு வருட வட்டி 5 பவுண்டு, அதாவது 100 ஷில்லிங். ஒரு ரூபாய்க்கு 2 ஷில்லிங் இருந்த காலத்தில் இதைக் கட்ட 50 ரூபாய் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளி விலை சரிந்து ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு வந்தபோது, அதே வட்டிக்கு 75 ரூபாய். ரயில் ஒரு மைல்கூட அதிகமாக ஓடவில்லை. பங்குதாரருக்கு ஒரு பென்னிகூட அதிகம் கிடைக்கவில்லை. ஆனால் இங்கே கட்டவேண்டியது ஒன்றரை மடங்கு. ரயில் ‘கொடை’ என்றால், கொடைக்கு இப்படி வட்டி கட்டிய ஊர் நம்ம ஊராகத்தான் இருக்கும்.

கொள்ளைக் கட்சிக்கும் ஒரு கேள்வி. பாதை திறந்த உடனேயே 1876–78 பெரும்பஞ்சம். அந்த ரயில் தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தது உண்மை. அதே ரயில் ஓர் ஊரின் விலையேற்றத்தை அடுத்த ஊருக்கும் கொண்டுபோனதும் உண்மை. வேலை தேடிக் கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தூத்துக்குடி வழி சுலபமானதும் உண்மை. பிழைக்கப் போனார்களா, துரத்தப்பட்டுப் போனார்களா? இரண்டும்தான். பருத்தியும் அப்படித்தான். கரிசல் காட்டுப் பஞ்சு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஓடியது. அதே தண்டவாளத்தை நம்பித்தான் மதுரையில் ஸ்டேஷனை ஒட்டியே ஹார்வி மில்லும் எழுந்தது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் சோறு சாப்பிட்டன. ‘கொள்ளை’ என்ற ஒரே சொல்லில் இதெல்லாம் அடங்காது.

இரண்டு கட்சிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ‘வெள்ளைக்காரன்’ என்று ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில் அங்கே இருந்தது லண்டனில் ஒரு போர்டு, அதை மேற்பார்த்த ஓர் அரசு, திருச்சியில் ஒரு நிர்வாகம், பேர் தெரியாத பங்குதாரர்கள். இவர்களுக்குள் ஒருவர் நலன் இன்னொருவர் நலன் அல்ல.

1891: முதலாளி மாறினார், போர்டு மாறவில்லை

இணைப்பு 1874-ல் முடிந்துவிட்டது என்று கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. அதைவிட முக்கியமானது அடுத்தது. 1890-ன் முடிவில் அரசு, தன் உரிமையைப் பயன்படுத்திப் பாதையை வாங்கியது. 1891 ஜனவரி 1 முதல் தண்டவாளம் அரசுச் சொத்து. சரி, அப்போ கம்பெனி ஒழிந்ததா? இல்லை. 1890-ல் லண்டனில் அதே ‘தென்னிந்திய ரயில்வே கம்பெனி’ என்ற பெயரில் புதுசாக ஒரு கம்பெனி பதிவானது. அரசின் பாதையை ஒப்பந்தத்தில் ஓட்டித்தருவது அதன் வேலை. பெயர் அதே, போர்டு இருப்பதும் அதே லண்டன். பல கட்டுரைகளில் இந்த இரண்டும் ஒரே கம்பெனியாக 1874 முதல் 1951 வரை நேர்கோட்டில் ஓடுகிறது. அது தவறு. முதல் கம்பெனி பாதையின் சொந்தக்காரர். இரண்டாவது, அடுத்தவர் வீட்டை நிர்வகிக்கும் காரியஸ்தர்.

1908-ல் மதராஸ் ரயில்வே கலைக்கப்பட்டபோது அதன் பாதைகளைப் பிரித்தார்கள். ஒரு பகுதி மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேக்கு. ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரையிலான மேற்குப் பகுதி நம்ம எஸ்.ஐ.ஆருக்கு. இங்கேயும் ‘இணைப்பு’ என்றுதான் எழுதுகிறோம். கம்பெனிகள் மனம் ஒத்துச் சேர்ந்ததில்லை. சொத்து அரசுடையது, யார் ஓட்டுவது என்று அரசு பங்கு வைத்துக் கொடுத்தது.

1920–21-ல் ஆக்வொர்த் கமிட்டி இந்திய ரயில்வேயை ஆராய்ந்தபோது, லண்டனில் உட்கார்ந்த போர்டுகள் இங்கே ரயில் ஓட்டும் முறைக்கு முடிவு கட்டச் சொன்னது. கிழக்கிந்திய ரயில்வேயையும் ஜி.ஐ.பி.யையும் அரசு 1925-ல் எடுத்துக்கொண்டது. எஸ்.ஐ.ஆரோ 1944 ஏப்ரல் வரை கம்பெனி கையில் இருந்தது. 1951 ஏப்ரல் 14, சித்திரைப் பிறப்பை ஒட்டி, எஸ்.ஐ.ஆர்., எம்.எஸ்.எம்., மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. ‘இணைந்தன’ என்ற சொல் முழுசாகப் பொருந்துவது இந்த ஓர் இடத்தில்தான் என்பேன்.

இப்படிச் சேர்ப்பதும் குவிப்பதும் கீழே இருப்பவரை எப்படித் தொட்டது? நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பணிமனைகளைத் திருச்சி பொன்மலைக்குக் குவிக்க முடிவானபோது ஆட்குறைப்பு வந்தது. அதை எதிர்த்து 1928 ஜூலையில் எஸ்.ஐ.ஆர். தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். ரயில் நாகப்பட்டினத்தில் பிறந்தது. அங்கிருந்த வேலையை எடுத்துக்கொண்டு மேற்கே போய்விட்டது. கம்பெனி வரலாறும் தொழிலாளர் வரலாறும் தனித்தனிப் புத்தகங்களாக இருப்பதால் இந்தத் தொடர்பு கண்ணில் படாமல் போகிறது.

வேறு வழி இருந்ததா?

என் வாதத்துக்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. ‘உத்தரவாதம் இல்லாமல் காசு வராதுன்னு நீயே சொல்லிட்டே. அப்போ உத்தரவாதம் கொடுத்தது சரிதானே?’

இதுக்கு ஜப்பானைப் பார்க்கலாம். ஜப்பானின் முதல் ரயில் 1872-ல் ஓடியது, அகலம் 3 அடி 6 அங்குலம். அரக்கோணம் – காஞ்சிபுரத்துக்குப் போட்ட அதே அகலம்! இங்கே அது சோதனையாக முடிந்தது, அங்கே தேசிய அளவானது. 1881-ல் தொடங்கிய நிப்பான் ரயில்வே தனியார் கம்பெனி. அதற்கும் அரசு உத்தரவாதம் கொடுத்தது, அதுவும் 8 சதவீதம். ஆக உத்தரவாதமே பாவம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பங்குகளைப் பெருமளவில் வாங்கியவர்கள் அந்நாட்டுப் பிரபுக் குடும்பங்கள். வட்டி நாட்டுக்குள்ளேயே சுற்றியது. 1906–07-ல் 17 தனியார் கம்பெனிகளை அரசு வாங்கியபோது அந்தப் பணமும் உள்நாட்டுத் தொழிலுக்குப் போக வழி இருந்தது. அதற்குப் பிறகும் நகரங்களை ஒட்டிய சிறு கம்பெனிகள் தனியாரிடமே வளர்ந்தன. இன்றைய ஹான்கியூவின் முன்னோடிக் கம்பெனி 1910-ல் பாதை திறந்து, பாதையோரம் வீட்டுமனை விற்றே பயணிகளை உண்டாக்கியது. அங்கே கம்பெனிக்கும் ஊருக்கும் ஒரே எதிர்காலம். நம்ம கம்பெனியின் எதிர்காலமும் சோழவந்தானின் எதிர்காலமும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்து ஒரு சிறு வரி வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரம் – முத்துப்பேட்டை பாதையைப் போட்டது, 1894-ல் திறந்தார்கள். ஓட்டிக் கொடுத்தது எஸ்.ஐ.ஆர்., சொந்தக்காரர் ஜில்லா போர்டு. உள்ளூர்ப் பணத்தில் ரயில் சாத்தியம் என்பதற்கு இது நம் கண்ணெதிரே உள்ள உதாரணம். இதைப் பற்றி எழுதுபவர்கள் எத்தனை பேர்?

இன்னொரு ஒப்பீடு மனசை விட்டுப் போகமாட்டேங்குது. எஸ்.ஐ.ஆர். பாதை முடிகிற தூத்துக்குடியில் 1906-ல் வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர்தான் அதன் தலைவர். அதுவும் தனியார் கம்பெனிதான். அதற்கு 5 சதவீத உத்தரவாதம் கிடையாது, இலவச நிலம் கிடையாது. எதிரே இருந்த வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-ல் கம்பெனி கலைந்தது. தண்டவாளத்தில் போட்ட லண்டன் பணத்துக்கு அரசு ஜாமீன் நின்றது. அந்தத் தண்டவாளம் முடியும் இடத்தில் கப்பலில் போட்ட தமிழ்ப் பணத்துக்கு அதே அரசு ஜெயிலைக் காட்டியது. இந்த இரண்டு கம்பெனிகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்காதவரை இரண்டுமே நமக்குப் பாதிதான் புரியும்.

ஏன் இதெல்லாம் இப்போது?

ரயிலில் தனியார் வரலாமா என்ற விவாதம் இப்போதும் நடக்கிறது. ஆதரிப்பவர்கள் ‘அந்தக் காலத்தில் எல்லாம் தனியார்தானே’ என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் ‘தனியார்னா கொள்ளை’ என்கிறார்கள். எஸ்.ஐ.ஆர். கதையை ஒழுங்காகப் படித்தால் இரண்டு பேரும் கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டி வரும். தனியாரா அரசா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: நஷ்டம் வந்தா யார் கட்டுவா? ஒப்பந்தத்தில் அது எந்த வரியில் எழுதியிருக்கு?

அடுத்த முறை மதுரை ரயில் வரலாறு எழுதுபவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். 1874-க்குப் பக்கத்தில் ‘இணைந்தன’ என்று போடுங்க, பரவாயில்லை. அதோட இன்னொரு வரியும் சேர்த்துவிடுங்க: ஒரு கம்பெனி ஆபத்தைத் தானே சுமக்கப் பார்த்து முடியாமல் போனது, இன்னொன்றின் ஆபத்தை நம் முன்னோர் சுமந்தார்கள்.